பாரிஸ் வழியாக வந்த தாய்மாமன்

புதுச்சேரி கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாக இருக்கும் மருந்துக்கடைகளில் ஒன்றில் எனக்கு வேலை. சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவேன். "எவ்ளோ தூரம்?" என்பது அடுத்த கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதற்குக் கிலோமீட்டரில் பதில் சொன்னதில்லை. திருவண்ணாமலைக்காரர் "மூணு மணி நேரம்" என்பார். செஞ்சிப் பக்கத்து அம்மா "ரெண்டு பஸ்ஸு" என்பார். கடை முதலாளிக்கு எரிச்சலாக வரும். "மாத்திரையக் குடுத்து அனுப்பும்மா, அவங்க பஸ்ஸு கணக்கு உனக்கெதுக்கு" என்பார். எனக்கு அது தெரியாவிட்டால் மத்தியானம் சோறு இறங்காது. நான் அப்படித்தான்.

இப்படி ஊரில் உள்ளவர்களின் தூரத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த எனக்கு, என் சொந்தத் தம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது பல மாசம் தெரியாமல் இருந்தது.

எனக்கு அவன் ஒருவன்தான் கூடப்பிறந்தவன். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து எங்களை வளர்த்தார். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தம்பி ஏசி மெக்கானிக். அவனுக்கு நேஷனாலிட்டி உள்ள பெண் அமைந்தது. எங்கள் ஊரில் "நேஷனாலிட்டி" என்று மொட்டையாகச் சொன்னாலே அது பிரெஞ்சு நேஷனாலிட்டிதான். வேறு நாட்டுக்கும் நேஷனாலிட்டி உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாளே முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க, "பையன் பிரான்ஸ் போறான்" என்று பேச்சாகிவிட்டது. போயும்விட்டான். தாய் வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அவன்தான். அந்த வீடே ப்ளேன் ஏறிப் போய்விட்டது.

கிளம்பும்போது, "அவங்க வீட்டு ஆளுங்க ரெயூனியன்ல இருக்காங்கக்கா, அங்கதான் போறோம்" என்று சொன்னான். பிரான்ஸில் அது ஒரு ஊர் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். முதலில் பாரிஸில் இறங்கி, மனைவியோடு நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். தெருவுக்கே காட்டினேன். அதன்பிறகு யார் கேட்டாலும் "தம்பி பிரான்ஸ்ல" என்றுதான் சொன்னேன்.

முதல் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் வந்தான். எங்களுக்கு ஒன்பதரை மணி. பிரான்ஸில் சொந்தக்காரர் இருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கழித்தல் கணக்கு தூக்கத்தில்கூட வரும். வெயில் காலத்தில் மூன்றரை, குளிர் காலத்தில் நாலரை. நாலரையைக் கழித்தால் அவனுக்கு விடிகாலை ஐந்து. ஆனால் இவன் கைவைக்காத பனியனோடு, முகத்தில் வெயில் அடிக்க, மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, குளுரலையா உனக்கு?"

"குளுரா? வேர்த்துக் கொட்டுதுக்கா."

"டிசம்பர்ல ஏதுடா மாம்பழம்?"

"இங்க இப்பதான் சீசனே."

நான் போனைத் தள்ளிப் பிடித்து அவன் முகத்தையே பார்த்தேன். இவன் எங்கேதான் இருக்கிறான்?

"ரெயூனியன்னு நான்தான் அப்பவே சொன்னேனேக்கா. இது தீவு. ஆப்பிரிக்கா பக்கம், கடலுக்கு நடுவுல."

"அப்போ பிரான்ஸ்?"

"இதுவும் பிரான்ஸ்தான்."

கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் குழம்பினால் நியாயம் இருக்கிறது. நாம் குழம்பலாமா? மலையாளம் பேசும் மாஹே புதுச்சேரி. தெலுங்கு பேசும் ஏனாம் புதுச்சேரி. என் கணவரின் சிநேகிதர் ஒருவர் அரசு வேலையில் ஏனாமுக்கு மாற்றலாகிப் போய், கடையில் உப்பு வாங்கத் தெரியாமல் திண்டாடிவிட்டு வந்தார். அவர் புதுச்சேரியை விட்டு வெளியே போனதாகக் கணக்கில்லை. அதே கணக்கில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் பிரான்ஸ் இருந்தால் என்ன தப்பு?

அடுத்த வாரம் ஞாயிறு சந்தைக்குப் போய்ப் பழைய பிளாஸ்டிக் உலக உருண்டை ஒன்றை வாங்கி வந்தேன். "குழந்தையே இன்னும் பொறக்கல, அதுக்குள்ள அதுக்கு பாடமா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். அப்போது எனக்கு ஏழாம் மாதம். வயிற்றின் மேலேயே உருண்டையை வைத்துக்கொண்டு, தையல் நூலால் அளந்தேன். புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு ஒரு நூல். நம் நாட்டைக் குறுக்கே தாண்டி, ஈரான் பக்கமாக ஏறி, நான் நினைத்ததைவிட வடக்கே வளைந்து போனது. பிறகு தம்பியின் தீவுக்கு ஒரு நூல். இலங்கையை இடது பக்கம் விட்டுவிட்டு, மாலத்தீவைத் தொட்டும் தொடாமலும், அப்புறம் வெறும் தண்ணீர்தான். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். தம்பியின் நூல் பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராமல் போனில் தேடிப் பார்த்தேன். சென்னையிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர். தம்பியின் தீவு நாலாயிரத்து அறுநூறு சொச்சம். ஏதோ காணாமல் போன நகை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. தெருவில் மற்றவர்களின் பிள்ளைகளைவிட என் தம்பி பாதித் தூரம்தான் தள்ளியிருக்கிறான்! அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனபோது, எந்தத் திசையில் இருப்பான் என்று நின்று யோசித்தேன். கடலைப் பார்த்து நின்றால் அவன் எதிரே இல்லை. முதுகுப் பக்கம், வலது தோளுக்குப் பின்னால் இருந்தான். திரும்பி நின்று அந்தப் பக்கம் பார்த்தேன். ஐஸ்கிரீம் வண்டி ஒன்று நின்றிருந்தது.

இந்த சந்தோஷம் அடுத்த போன் காலோடு போய்விட்டது. "பாதி தூரம்தானேடா, நெனச்சா வந்துட்டுப் போலாமே" என்றேன். தம்பி சிரித்தான்.

"நேரா சென்னைக்கு வர்ற ப்ளேன் எப்பவாவதுதான்க்கா. அது கெடைக்கலன்னா பாரிஸ் போயிட்டுத்தான் வரணும்."

"பாரிஸுக்கா? அது அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

"ஆமா. மேல பதினோரு மணி நேரம் போயி, அங்க காத்துக் கெடந்து, அங்கேர்ந்து கீழ பத்து மணி நேரம் வரணும்."

ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே போய், எட்டாயிரம் கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். பதினேழாயிரம் சுற்றினால்தான் நாலாயிரத்து அறுநூறைத் தாண்ட முடியும். முதலியார்பேட்டையிலிருந்து பக்கத்திலிருக்கும் தவளக்குப்பம் போக, சென்னைக்குப் போய் பஸ் மாறுவது மாதிரி. "எவனாவது போவானா இப்பிடி?" என்று கத்தினேன். பிறகு யோசித்தால், காரைக்கால்காரர்கள் ஒரு கையெழுத்துக்காக நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து புதுச்சேரிக்கு வந்து போகத்தானே செய்கிறார்கள். கையெழுத்து போடும் ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் பாதையும் போகும் போலிருக்கிறது.

அதிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. சென்னையிலிருந்து பாரிஸுக்கு ஒரே பாதையில் போகும்போது நேரம் அதிகமும் வரும்போது குறைவும் ஏன் என்று கேட்டு தம்பியைக் குடைந்தேன். உயரத்தில் மேற்கிலிருந்து பலமாகக் காற்று வீசுகிறது, வருகிற ப்ளேனை அது தள்ளிவிடுகிறது, போகிற ப்ளேனை மறிக்கிறது என்று அவன் யாரிடமோ கேட்டுச் சொன்னான். மருந்துக்கடையில் அதை இரண்டு பேருக்கு விளக்கினேன். ஒருவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

என் மகள் பிறந்தாள். தம்பியைப் போனிலேயே பார்த்து, போனிலேயே "மாமா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு மூன்றாம் வயது நடக்கும்போது, தை மாதத்தில் காது குத்திவிடலாம் என்று என் கணவர் வீட்டில் பேச்சு வந்தது. கணவருக்குத் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் கிராமம். குலதெய்வக் கோயில் அங்கேதான்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்து கிடையாது. மாமன் வரமுடியாவிட்டால் மாமன் முறையுள்ள வேறு யாராவது உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் வாயால் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லாருடைய மனதிலும் ஒன்று ஓடும்: பாவம், இவளுக்குத் தாய் வீட்டில் ஆள் இல்லை. அம்மா போன பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. இந்த ஒரு நாளாவது என் தம்பி என் பக்கத்தில் இருக்கவேண்டும், அவன் மடியில்தான் என் மகள் உட்காரவேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது. தம்பியிடம் சொன்னேன். "லீவு போட்டு எப்பிடியாவது வந்துடறேன்க்கா" என்றான்.

நாளும் நேரமும் குறித்தது சின்ன மாமா. என் மாமனாரின் தம்பி. மாமனார் இல்லாததால் அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரிய தலை. பிரான்ஸ் விஷயத்தில் ஊருக்கே பெரிய தலை. அவருடைய ஒரே மகன் பாரிஸில் இருக்கிறார். சின்ன மாமா வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கும். ஒன்று நம் நேரம், இன்னொன்று பாரிஸ் நேரம். யாராவது பாரிஸுக்கு டிக்கெட் போட்டால், எத்தனை மணிக்கு ஏறினால் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று அவரிடம்தான் கேட்பார்கள். யோசிக்காமல் சொல்வார். இத்தனைக்கும் அவர் ப்ளேன் ஏறியதில்லை. மகன் கடைசியாக வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். "இந்த வகான்ஸுக்கு வரான்" என்று ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சொல்வார். இரண்டு பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம ராத்திரி ஏறுனான்னா, சனிக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுல இருப்பான்" என்று சின்ன மாமா கணக்கு போட்டார். "ஞாயித்துக்கெழம காலைல ஏழரைலேர்ந்து எட்டரை நல்ல நேரம். முடிஞ்சுது."

"சின்ன மாமா, அவன் பாரிஸ்ல இல்ல. ரெயூனியன் தீவுல இருக்கான். அவன் பாரிஸுக்கே சனிக்கெழம காலைலதான் வருவான்."

"அதுவும் பிரான்ஸ்தானே?"

"பிரான்ஸ்தான், ஆனா..."

"பிரான்ஸுன்னா பத்து மணி நேரம். எனக்குத் தெரியாதா மருமவளே? எம் புள்ள எத்தினி வருஷமா அங்க இருக்கான்!"

உலக உருண்டையை எடுத்து வந்து நூல் பிடித்துக் காட்டினேன். அவர் நூலைப் பார்க்கவில்லை. தீவு இருந்த இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இத்தினூண்டு இருக்கு, அதுவும் பக்கத்துலயே இருக்கு. இங்கேர்ந்து வர்றதுக்கா இவ்ளோ பேச்சு? அப்ப இன்னும் சீக்கிரமாதானே வரணும்?" என்றார். நான் சந்தோஷப்பட்ட அதே பாதித் தூரத்தை வைத்து அவர் என்னை மடக்கிவிட்டார். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

அங்கே பள்ளி விடுமுறை முடிகிற சமயம். நேராக வரும் விமானத்தில் இடம் இல்லை. பாரிஸ் வழியாகத்தான் தம்பிக்கு டிக்கெட் கிடைத்தது. வேலை முடித்து வெள்ளி இரவு ஏறினால், எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஞாயிறு பொழுது விடிவதற்குள் வீடு வந்துவிடலாம். "எல்லாம் ஒழுங்கா நடந்தா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான்.

நடக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் பந்தலுக்கு வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி பாரிஸிலிருந்து போன் செய்தான். அங்கே விடியற்காலையிலிருந்து பனி கொட்டுகிறதாம். ப்ளேன் இறக்கையெல்லாம் பனி. அதைக் கழுவி எடுத்தால்தான் கிளம்ப முடியும். ஐந்து மணி நேரம் தாமதம், இன்னும் கூடலாம். தம்பி வெயில் கொளுத்தும் தீவிலிருந்து அரைக்கைச் சட்டையோடு ஏறி வந்திருந்தான். போனில் பல் அடிக்கும் சத்தம் கேட்டது.

எதிரில் நின்ற சின்ன மாமாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. பாரிஸ் அவர் ராஜ்ஜியம். "ஒண்ணும் கவலப்படாத. எம் பையன் வீடு அங்கதான். இன்னைக்கு அவனுக்கு லீவு வேற" என்று மகனுக்குப் போன் போட்டார். "டேய், நம்ம மருமவளோட தம்பி ஏர்போர்ட்டுல மாட்டிக்கினான்டா. ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கினு போயி குடு. சூடா எதனா வாங்கிக் குடு" என்றார். அந்தப் பக்கம் "சரிப்பா" என்று சொன்னது எனக்கும் கேட்டது. சின்ன மாமா போனை வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போய்விட்டோம். சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் ப்ளேன் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியைப் போனில் இறக்கி வைத்திருந்தார். ஒரு சின்ன மஞ்சள் ப்ளேன் சென்னையைப் பார்த்து ஊர்ந்தது. விஷயம் பரவி, கிராமமே அந்தப் போனைச் சுற்றி நின்றது. "இது ஏன் நகரவே மாட்டேங்குது?" என்றார் ஒரு பெரியவர். "நம்ம டவுன் பஸ்ஸே பரவால்ல போலிருக்கே." அது ஒரு நிமிடத்தில் பதினைந்து கிலோமீட்டர் போகிறது என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எனக்கே அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லை.

ப்ளேன் சென்னையில் இறங்கியபோது கை தட்டினார்கள். ஆனால் தம்பி வெளியே வந்து காரில் ஏறும்போதே ஏழு மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து மூன்று மணி நேர ரோடு. ஏழரைக்கு ஆசாரி பெட்டியைத் திறந்து, ஊசியையும் தோட்டையும் தட்டில் எடுத்து வைத்தார். எட்டு மணிக்கு என்னைப் பார்த்தார். எட்டேகாலுக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வில்லியனூரிலிருந்து என் பெரியப்பா மகன் வந்திருந்தார். தங்கமான மனிதர். யாரும் கேட்பதற்கு முன்பே காலைக் கழுவிக்கொண்டு மனைக்கட்டை பக்கத்தில் தயாராக நின்றிருந்தார். "முறைக்கு இவரும் மாமன்தானே. உக்காத்தி வைச்சு முடிச்சிடலாம்" என்றார் சின்ன மாமா.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன். "எம் பொண்ணு எந் தம்பி மடியிலதான் உக்காருவா. இல்லன்னா இன்னைக்கு காது குத்தே வேணாம்."

என் கணவர் சாமியானாவின் ஓட்டையை ஆராய ஆரம்பித்தார். சின்ன மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

"வர்ற மனசு இருந்தா நேத்தே வந்திருப்பான்! பிரான்ஸ்லேர்ந்து பத்து மணி நேரம்தான். மனசு இருக்கறவனுக்கு அதெல்லாம் ஒரு தூரமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது என் போன் அடித்தது. தம்பிதான். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். சின்ன மாமா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்கப்பா இருக்க?"

"மகாபலிபுரம் தாண்டிட்டேன் சின்ன மாமா. மன்னிச்சிடுங்க. வேகமாத்தான் வந்துட்டிருக்கோம்."

சின்ன மாமா ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"நேத்து எம் பையன் வந்து பாத்தானா? ஸ்வெட்டர் குடுத்தானா?"

காரின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே தம்பி இழுத்தான்.

"போன் பண்ணாரு மாமா. பனியில வண்டி எடுக்க முடியலன்னாரு."

"அவன் வீட்டுலேர்ந்து ஏர்போர்ட்டு எவ்ளோ தூரம்?"

"பக்கம்தான் மாமா. ட்ரெயின்ல அரை மணி நேரம்."

எல்லாருக்கும் கேட்டது. அவர் போனை அணைக்காமலேயே என்னிடம் நீட்டினார். வேட்டியை மடித்துக்கொண்டு போய் கோயில் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பிறகு ஆசாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பெட்டிய மூடி வையிப்பா. மாமன் வந்துட்டிருக்கான்."

"எட்டரையோட நல்ல நேரம் முடியுதுங்களே?"

"பன்னெண்டு மணிக்குத்தான் எமகண்டம். அதுக்குள்ள வந்துடுவான்." சமையல்காரர்கள் பக்கம் திரும்பி, "எல போடுங்க, ஜனங்க பசியோட நிக்கிறாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இலை போடுவதைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பத்தரைக்குக் கார் வந்தது. தம்பி இறங்கினான். அதே அரைக்கைச் சட்டை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, கால் வீங்கி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தான். அப்பாவின் நடை அப்படியே இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. "முடிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டான். "நீ இல்லாம எப்பிடிடா முடிப்பாங்க?" என்றேன். அவன் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

கோயில் கிணற்றில் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து மனைக்கட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் மகளைத் தூக்கி அவன் மடியில் வைக்கப் போனேன். அவள் வீறிட்டாள். என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காலால் அவனை உதைத்தாள்.

"மாமாடா கண்ணு, மாமா."

"மாமா இல்ல!" என்று தலையை ஆட்டினாள். என் கையிலிருந்த போனைக் காட்டி, "மாமா இங்க" என்றாள்.

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். தம்பியின் முகம் தொங்கிவிட்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். பதினேழாயிரம் கிலோமீட்டர் வந்தவனுக்கு மிச்சமிருந்தது ஒரு முழம். அதைத் தாண்ட எந்தக் கணக்கும் எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா மகன் மறுபடியும் ஓர் அடி முன்னால் வந்தார்.

அவள் போனையே தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "டேய், நீ எழுந்து அந்த வேப்பமரத்துக்குப் பின்னால போ. போயி எனக்கு வீடியோ கால் பண்ணு" என்றேன். தம்பி புரியாமல் போனான். போன் அடித்தது. திரையில் அவன் முகம் வந்ததும் மகளின் அழுகை அப்படியே நின்றது. "மாமா!"

"இன்னாடா தங்கம், சாப்ட்டியா?" தினமும் கேட்கும் அதே கேள்வி.

"தோச" என்றாள்.

"வாடா இங்க" என்று தம்பியைக் கூப்பிட்டேன். "பேசிக்கினே வா." அவன் போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தான். எத்தனை தோசை என்று கேட்டான். யார் சுட்டது என்று கேட்டான். குரல் இரண்டு பக்கமிருந்தும் வர ஆரம்பித்தது. மகள் போனைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அவன் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, முகத்துக்கு முன்னாலிருந்த போனை மெல்ல இறக்கினான். அவள் விரலை நீட்டித் திரையில் அவன் மூக்கைத் தொட்டாள். பிறகு கையை நீட்டி, நிஜ மூக்கைத் தொட்டாள்.

எங்களுக்குப் பின்னால் நின்று சின்ன மாமா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அவருடைய போனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகு அவள் மடியில் உட்கார மறுக்கவில்லை. தம்பியின் மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆசாரி கெட்டிக்காரர். அவள் குனிந்திருந்த நேரம் பார்த்து ஒரு காதைக் குத்திவிட்டார். அவள் மூச்சை இழுத்து அழத் தொடங்குவதற்குள் அடுத்த காதும் முடிந்துவிட்டது. பிறகு போட்டாள் பாருங்கள் கூச்சல், கோயில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், வாங்கிக்கொள்ள.

அவள் என்னிடம் வரவில்லை. தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்து, விக்கலுக்கு நடுவே என்னை விரலால் காட்டி, "மாமா, அம்மாவ அடி" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையை ஓங்கி என் தோளில் ஓர் அடி போட்டான். நல்ல அடிதான், வலித்தது.